எலுமிச்சைப்புல் எண்ணெய்ப் புட்டியில் ‘கிருமிநாசினி’ என்று ஒட்டலாமா?

கடையத்துக்காரன் | செவ்வாய், இரவு 8.50

எல்லாருக்கும் வணக்கம். கடையம் பக்கம் கொஞ்சம் நிலம், கிணற்றுப் பாசனம். நெல்லுக்குத் தண்ணீர் காணாத வயலில் எலுமிச்சைப்புல்லும் துளசியும் போட்டிருக்கிறேன். ஸ்டீல் டிரம், சுருள் குழாய், குளிரவைக்க ஒரு தொட்டி என்று சின்னதாக வாலை போட்டு எண்ணெய் வடிக்கிறேன். அடுப்புக்குச் சீமை உடை விறகு. நூறு கிலோ பச்சைப் புல் ஏற்றினால் 200 முதல் 400 கிராம் வரை எண்ணெய் இறங்கும். துளசி அதைவிடக் கஞ்சம்.

விஷயம் இதுதான். கல்லூரிப் பிள்ளைகள் சிலர் புராஜெக்டுக்காக இரண்டு எண்ணெயும் வாங்கிப் போனார்கள். போன வாரம் போட்டோ அனுப்பினார்கள். கிருமி வளர்த்த தட்டில் என் எலுமிச்சைப்புல் எண்ணெய் நனைத்த காகித வில்லை, அதைச் சுற்றிப் பெரிதாக வெறும் வட்டம். பக்கத்தில் இருந்த சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் வில்லைக்கு அதைவிடச் சின்ன வட்டம். என்னிடம் எண்ணெய் வாங்கும் சென்னை வியாபாரி ஒருவருக்கு இதைக் காட்டினேன். மனிதருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ‘ஆன்டிபயாட்டிக்கை மிஞ்சும் மூலிகைக் கிருமிநாசினி’ என்று லேபிள் அடித்துக் கொடு, விலையை மூன்று மடங்கு ஆக்கலாம் என்கிறார்.

காசு தேவைதான். ஆனாலும் மனசு ஒப்பவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வேப்பமரத்தடி | செவ்வாய், இரவு 9.05

தாராளமாக ஒட்டுங்கள் தம்பி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பொதிகை மலை மூலிகைக்கு இல்லாத சக்தி மாத்திரைக்கு வந்துவிடுமா? வேப்பெண்ணெய், நிலவேம்பு, துளசி எல்லாம் கிருமியைக் கொல்லும் என்று நம் ஆட்களுக்குத் தெரியாதா? இப்போது ஆஸ்பத்திரியில் ஆன்டிபயாட்டிக் எதுவும் கேட்பதில்லை என்று டாக்டர்களே புலம்புகிறார்கள். இனி இதுதான் மருந்து.

அகார் தட்டு | செவ்வாய், இரவு 10.20

கடையத்துக்காரன் தம்பி, நான் மைக்ரோபயாலஜி லேபில் வேலை பார்ப்பவள். அந்தப் போட்டோவை எப்படிப் படிப்பது என்று மட்டும் முதலில் சொல்கிறேன்.

சிப்ரோஃப்ளாக்சசின் வில்லையில் இருப்பது 5 மைக்ரோகிராம் மருந்து. உலகம் முழுக்க அதே அளவுதான். உங்கள் எண்ணெயைப் பிள்ளைகள் எவ்வளவு விட்டிருப்பார்கள்? வழக்கமாக 10 மைக்ரோலிட்டர். எலுமிச்சைப்புல் எண்ணெய் தண்ணீரைவிட லேசு, ஒரு மில்லி சுமார் 0.9 கிராம். அப்படியானால் அந்தச் சின்ன வில்லையில் ஏறியது 9 மில்லிகிராம், அதாவது 9000 மைக்ரோகிராம். ஒரு பக்கம் 5, மறுபக்கம் 9000. இதில் யார் வட்டம் பெரிது என்று பார்த்து என்ன செய்ய?

அளவு சமமாக இருந்தாலும் இரண்டு வட்டத்தையும் ஒப்பிடக் கூடாது. மருந்து அகாருக்குள், அதாவது தட்டில் கிருமி வளர்க்கிற கூழுக்குள், எவ்வளவு தூரம் ஊறிப் போகிறது என்பதைப் பொறுத்துத்தான் வட்டம் விரியும். சிப்ரோ தண்ணீரில் கரைந்து ஊறும். எண்ணெய் ரசத்து மேல் மிதக்கிற மாதிரி மேலேயே கிடக்கும். அப்புறம் எப்படிப் பெரிய வட்டம் வந்தது என்று கேட்பீர்கள். அது ஆவி. எலுமிச்சைப்புல்லில் உள்ள சிட்ரால் மூடிய தட்டுக்குள் ஆவியாகிப் பரவி, வில்லை தொடாத இடத்திலும் கிருமியை அடக்கும். சில நேரம் ஒரே தட்டில் வைத்த பக்கத்து வில்லைகளின் வட்டத்தையும் இதுவே பெரிதாக்கிக் காட்டிவிடும். அதனால்தான் வாசனை எண்ணெய் என்றால் ஒரு தட்டுக்கு ஒன்றுதான் வைக்க வேண்டும் என்று நான் பிள்ளைகளிடம் சண்டை போடுவேன்.

எண்ணெயை நிஜமாக எடைபோட வேண்டுமானால் எம்.ஐ.சி. பார்க்க வேண்டும். கிருமி வளராமல் நிறுத்த ஆகக் குறைந்தது எவ்வளவு தேவை என்ற கணக்கு. எண்ணெயை ட்வீன் 80 என்ற சோப்பு மாதிரிப் பொருள் போட்டுத் தண்ணீரில் கலக்கி, பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே வரிசையாகக் குழிகளில் ஊற்றி, கிருமியை விட்டு, ஒரு இரவு 37 டிகிரியில் வைப்போம். காலையில் ரெசாசுரின் சாயம் இரண்டு சொட்டு. கிருமி உயிரோடு இருக்கிற குழி நீலத்தில் இருந்து இளஞ்சிவப்பாக மாறும். அடங்கிய குழி நீலமாகவே நிற்கும். நீலம் எந்தக் குழியோடு முடிகிறது என்று பார்த்தால் பதில் கிடைத்துவிடும். வெறும் ட்வீன் மட்டும் விட்ட குழி ஒன்றும் கூடவே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கொன்றது எண்ணெயா, சோப்பா என்று தெரியாது.

கடையத்துக்காரன் | செவ்வாய், இரவு 10.41

அக்கா, 5-க்கு 9000 என்ற கணக்கை அந்தப் பிள்ளைகள் சொல்லவே இல்லையே. அப்படியென்றால் என் எண்ணெய் கிருமியைக் கொல்லவே இல்லையா?

அகார் தட்டு | செவ்வாய், இரவு 11.02

கொல்கிறது தம்பி, அதில் சந்தேகமே வேண்டாம். எப்படிக் கொல்கிறது என்பதும் நன்றாகவே தெரிந்த விஷயம். துளசியில் யூஜினால், ஓமத்தில் தைமால், கற்பூரவள்ளியில் கார்வக்ரால், எலுமிச்சைப்புல்லில் சிட்ரால். எல்லாமே கொழுப்போடு சேர்கிற பொருள்கள். கிருமியின் செல் சவ்வும் கொழுப்புத்தான். இவை அதற்குள் புகுந்து சவ்வைக் குலைக்கும். உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே கசியும், செல்லுக்குச் சக்தி தயாரிக்க முடியாமல் போகும், கிருமி சாகும். இதில் தைமாலும் கார்வக்ராலும் முன்வரிசை.

ஆனால் எல்லாக் கிருமியும் ஒன்றில்லை. ஸ்டாபிலோகாக்கஸ் மாதிரி கிராம் பாசிட்டிவ் வகை சுலபமாக மடியும். ஈ.கோலை மாதிரி கிராம் நெகட்டிவ் வகைக்கு வெளியே இன்னொரு உறை உண்டு, எண்ணெய் உள்ளே போவது கஷ்டம். சூடோமோனாஸ் இன்னும் மோசம். உள்ளே வந்ததையும் பம்பு வைத்து வெளியே தள்ளும். ஆஸ்பத்திரிப் புண்களில் நம்மைப் பாடாய்ப் படுத்துவது அதுதான். பெரும்பாலான வாசனை எண்ணெய்களை அது சட்டை பண்ணுவதே இல்லை.

பாளை சித்தா | புதன், காலை 6.30

பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவள் நான். 1964-ல் தொடங்கிய கல்லூரி. எங்கள் துறைக்காகப் பேச வேண்டியதும் உண்டு, எங்கள் துறை பெயரைச் சொல்லி விற்பவர்களைத் தடுக்க வேண்டியதும் உண்டு.

வேப்பமரத்தடி அண்ணன் வேப்பெண்ணெய், நிலவேம்பு, துளசி மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டார். வேப்பெண்ணெய் விதையை ஆட்டி எடுக்கிற கொழுப்பெண்ணெய். வாலையில் வைத்தால் வடியாது. நிலவேம்பின் கசப்பு ஆண்ட்ரோகிராஃபோலைடு என்ற பொருளால் வருவது, அது ஆவியாகாது. துளசியில் மட்டும்தான் நாம் பேசுகிற ஆவியாகும் எண்ணெய் இருக்கிறது. மூன்றும் மருந்துதான், ஆனால் மூன்று வேறு வழி. ஒன்றுக்குச் செய்த சோதனையை இன்னொன்றுக்குச் சாட்சியாகக் கொண்டுவரக் கூடாது.

வீட்டில் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். வெள்ளைத்தாள் ஒன்றில் ஒரு ஓரம் தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு, இன்னொரு ஓரம் கடையத்துத் தம்பியின் எண்ணெய் ஒரு சொட்டு. ஃபேனுக்குக் கீழே வையுங்கள். தேங்காயெண்ணெய் விழுந்த இடம் மறுநாளும் கண்ணாடி மாதிரித் தெரியும். சுத்தமாக வடித்த எண்ணெய் காய்ந்ததும் தாள் பழையபடி ஆகிவிடும், கறை தங்காது. குற்றாலம் சீசனில் ‘ஒரிஜினல் எலுமிச்சைப்புல் தைலம்’ என்று குட்டிப் புட்டி வாங்கி வருகிறீர்களே, அதில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். பாதிக்கு மேல் கறை தங்கும்.

கஷாயம் பற்றியும் ஒரு வார்த்தை. துளசியைத் திறந்த பாத்திரத்தில் அரை மணி நேரம் கொதிக்க வைத்தால் எண்ணெய் முழுக்க அடுப்படிக்குப் போய்விடும். வீடு மணக்கும், தம்ளரில் ஒன்றும் மிஞ்சாது. எண்ணெய் வேண்டும் என்று நினைத்த மருந்துகளுக்குச் சித்தர்கள் வாலையில் தீநீர் வடித்தார்கள். ஓமத்தீநீர் அப்படித்தான். கடையில் விற்கிற ஓமவாட்டருக்கு மூதாதை அது.

டவுண் கடை | புதன், காலை 9.15

நெல்லையப்பர் கோவில் பக்கம் நாட்டுமருந்துக் கடை வைத்திருக்கிறேன். டாக்டரம்மா சொன்ன தாள் சோதனை சரிதான், ஆனால் அதையும் ஏய்க்கிறார்கள். டர்பன்டைன் கலந்தால் கறை தங்காது, அதுவும் பறந்துவிடும். செயற்கை சிட்ரால் கலந்தால் மூக்குக்கும் தெரியாது. அதற்கு ஜி.சி.எம்.எஸ். என்ற, எண்ணெயில் உள்ள பொருள்களைப் பிரித்துக் காட்டும் லேப் சோதனை பார்த்தால்தான் உண்டு.

சரி, கிராம்பைப் பற்றி யாரும் பேசவில்லையே. இந்தியாவுக்குக் கிராம்பு மரம் வந்ததே நம் சீமை வழியாகத்தான். 1800 வாக்கில் கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் வாசனைப் பயிர்த் தோட்டம் போட்டு அங்கே நட்டது. பிறகுதான் மற்ற மலைகளுக்குப் போயிற்று. கிராம்பெண்ணெயில் யூஜினால் முக்கால் பங்குக்குக் குறையாது. தம்பி வாலையில் கிராம்பு ஏற்றினால் எண்ணெய் மேலே மிதக்கும் என்று காத்திருக்க வேண்டாம், தண்ணீரைவிடக் கனம், கீழே போய் உட்காரும்.

இன்னொன்று. ‘டின்னவெல்லி’ என்று நம் திருநெல்வேலிப் பெயரோடு உலகச் சந்தைக்குப் போகிற மூலிகை நிலாவாரை. கடைக்கு வரும் வெளியூர்க்காரர்கள் அதிலும் வாசனை எண்ணெய் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். ஐயா, அது பேதிக்கு.

அம்பை ராத்திரி | புதன், காலை 9.40

டவுண் கடை அண்ணாச்சி, கிராம்பெண்ணெய் பஞ்சில் நனைத்துப் பல்லில் வைத்தேன். பல்வலி போனது, ஈறு வெந்துவிட்டது. இது எந்தக் கணக்கு?

பாளை சித்தா | புதன், காலை 10.05

அதே கணக்குத்தான் அம்பை. கிருமியின் சவ்வைக் குலைக்கிற பொருள் உங்கள் ஈறின் செல் சவ்வையும் விட்டுவைக்காது. பல் டாக்டர்கள் யூஜினாலைத் துத்தநாக ஆக்சைடோடு பிசைந்து தற்காலிகமாகப் பல் அடைக்கப் பயன்படுத்துகிறார்கள். அதில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வரும். சுத்த எண்ணெயை அப்படியே ஈறில் படவிடாதீர்கள். இரண்டு நாளில் வலி திரும்ப வந்தால் பல்லைக் காட்டுங்கள், வலி மரத்ததால் சொத்தை போய்விடாது.

வேப்பமரத்தடி | புதன், மதியம் 1.30

எல்லாரும் படித்தவர்கள், பேசுகிறீர்கள். நான் ஒன்று கேட்கிறேன். தட்டில் கொல்லும் என்று லேப் அக்காவே ஒத்துக்கொண்டார். வாயிலே போட்டால் உடம்புக்குள் இருக்கிற கிருமியையும் கொல்ல வேண்டியதுதானே? நாலு சொட்டுத் துளசி எண்ணெயைத் தேனில் குழைத்துச் சாப்பிட்டால் சளிக்காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக் எதற்கு?

அகார் தட்டு | புதன், மதியம் 2.10

அண்ணே, சளிக்காய்ச்சல் பெரும்பாலும் வைரஸால் வருவது, அதற்கு ஆன்டிபயாட்டிக்கே தேவையில்லை. அந்த அளவில் உங்கள் கட்சி நான்.

மற்றதற்குக் கணக்குப் போடுவோம். ஈ.கோலை சிப்ரோவுக்குக் கட்டுப்படும் என்று சொல்ல வேண்டுமானால் மில்லிக்கு 0.25 மைக்ரோகிராமில் அது அடங்க வேண்டும். இருக்கிற எண்ணெய்ப் பொருள்களில் வீரியமான தைமாலுக்கே சில நூறு மைக்ரோகிராம் தேவைப்படுகிறது. 300 என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் உடம்பில் ரத்தம் 5 லிட்டர். ரத்தத்தில் மட்டும் அந்த அளவு நிற்க ஒன்றரை கிராம் தைமால் ஒரே நேரத்தில் சுற்ற வேண்டும். சதைக்கும் கொழுப்புக்கும் போவது தனி. அதுவும் ரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும், ஒட்டியது கிருமியிடம் வேலைக்கு ஆகாது. மிச்சத்தைக் கல்லீரல் சூட்டோடு சூடாகப் பிடித்துச் சர்க்கரையோடும் சல்பேட்டோடும் கட்டிச் சிறுநீரில் அனுப்பிவிடும். நாலு சொட்டில் இது நடக்காது. நாற்பது சொட்டு விட்டால் கிருமிக்கு முன்னால் ஆளுக்கு ஆபத்து.

இது வெறும் ஊகம் இல்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ராக்ஃபெல்லர் குழு கொக்கிப்புழுவுக்குத் தைமாலைத்தான் கிராம் கணக்கில் கொடுத்தது. புழு செத்தது, ஏனென்றால் புழு இருப்பது குடலில், மருந்து அங்கே நேராகத் தொட்டது. ஆனால் அன்றைக்கு எண்ணெயும் சாராயமும் தொடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிக் கொடுத்தார்கள். தைமால் அவற்றில் கரைந்து ரத்தத்தில் ஏறினால் உயிருக்கே உலை என்பதால்தான். குடலில் மருந்தாக இருந்தது ரத்தத்தில் விஷம்.

எங்கே நேராகத் தொட முடியுமோ அங்கே இந்த எண்ணெய்க்கு வேலை உண்டு. வாய், தோல், பாத்திரம், தானியம், காற்று. அதைத் தாண்டி எதிர்பார்க்கக் கூடாது.

நைட் டூட்டி | புதன், இரவு 11.50

இப்போதுதான் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைத்தது. குழந்தைகள் வார்டு நர்ஸ் நான். எண்ணெயைப் பற்றி நீங்கள் பேசுவதில் எனக்குத் தெரிந்த பக்கம் வேறு.

சளி பிடித்த கைக்குழந்தைக்கு மூக்கில் யூகலிப்டஸ் எண்ணெய் விடுகிறார்கள். நாக்கில் தடவுகிறார்கள். கற்பூரத்தை எண்ணெயில் காய்ச்சி நெஞ்சு முழுக்கத் தேய்க்கிறார்கள். கற்பூரம் குழந்தை வயிற்றுக்குள் போனால் சில நிமிஷத்திலேயே வலிப்பு வரலாம். யூகலிப்டஸ் ஒரு டீஸ்பூன் உள்ளே போனாலே சின்னக் குழந்தைக்கு மயக்கம், மூச்சுத் திணறல். கொண்டு வருகிறவர்கள் ‘இயற்கைதானேம்மா’ என்பார்கள். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், எண்ணெய் நுரையீரலுக்குப் போகும். புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு ஓடி வாருங்கள்.

அப்புறம் வேது பிடிப்பது. நொச்சித்தழை போட்டு ஆவி பிடித்தால் மூக்கடைப்புக்கு இதம், நானும் பிடிப்பேன். ஆனால் பிள்ளையைப் போர்வைக்குள் வைத்துக் கொதிக்கிற பானையை மடிக்கு முன்னால் வைக்காதீர்கள். தட்டிவிட்டுத் தொடை வெந்து வரும் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. நுரையீரல் சளியில் இருக்கிற கிருமியை அந்த ஆவி கொல்லும் என்று நினைத்து நிமோனியாவை வீட்டிலேயே வைத்திருப்பது அதைவிட மோசம். நெஞ்சுக்குழி உள்ளே இழுத்தால் பானையை இறக்கிவிட்டு ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

டவுண் கடை | வியாழன், காலை 8.55

தங்கச்சி சொன்னதோடு நான் ஒன்று சேர்க்கிறேன். வசம்பு. பிள்ளை வளர்ப்பான் என்று நாமே பெயர் வைத்திருக்கிறோம். சுட்டு உரைத்துக் குழந்தை நாக்கில் தடவுவது வழக்கம். வசம்பு எண்ணெயில் பீட்டா அசரோன் என்று ஒன்று இருக்கிறது. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் கட்டி வந்தது, 1968-ல் அமெரிக்காவில் உணவில் வசம்பே சேர்க்கக் கூடாது என்று தடுத்துவிட்டார்கள். நம் நாட்டு வசம்பில் அது ஏராளம். வசம்பைக் கையில் கட்டுவதற்கு நான் எதிரி இல்லை, தானியக் குதிருக்குள் போடுவதற்கும் இல்லை. வடித்த வசம்பெண்ணெய் கேட்டு வருபவர்களுக்கு மட்டும் என் கடையில் சரக்கு இல்லை.

மார்த்தாண்டம் தேன் | வியாழன், காலை 11.20

எட்டிப் பார்க்கிறேன், திருநெல்வேலிக்காரன் இல்லை. ஓமத்தில் இருக்கிற தைமாலைத் தேனீ வளர்ப்பவர்கள் உலகம் முழுக்கப் பெட்டிக்குள் வைக்கிறார்கள். வர்ரோவா என்ற உண்ணிக்கு. ஆவியிலேயே உண்ணி விழும், தேனீ தாங்கிக்கொள்ளும். வெயில் அதிகமானால் ஆவி கூடித் தேனீயும் பெட்டியை விட்டு ஓடும். அதனால் அளவும் வெயிலும் பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

கடையத்துக்காரன் | வியாழன், இரவு 9.10

இத்தனை பேர் மெனக்கெட்டு எழுதியதற்கு நன்றி. இப்போது எனக்கு இரண்டு கேள்விதான் மிச்சம். தோலுக்கும் வாய்க்கும் வேலை செய்யும் என்று அக்கா சொல்வதற்கு மனிதர்களிடம் பார்த்த சோதனை ஏதாவது உண்டா, இல்லை அதுவும் தட்டுதானா? அடுத்து, அப்படி இருந்தால் அதையாவது லேபிளில் போடலாமா?

அகார் தட்டு | வியாழன், இரவு 9.55

உண்டு. லிஸ்டரின் வாய்க்கழுவலை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் தைமால் 0.064 சதவீதம், யூகலிப்டால் 0.092, மெத்தில் சாலிசிலேட் 0.060, மென்தால் 0.042. இந்த நாலும்தான் மருந்து. பல்லில் படிகிற ஏட்டையும் ஈறு வீக்கத்தையும் குறைக்கிறது என்பதை ஆட்களிடம் மாதக்கணக்கில் பார்த்து நிறுவியிருக்கிறார்கள். துலக்குவதற்குப் பதிலாக இல்லை, துலக்கியதற்கு மேல்.

தோலுக்கு ஆஸ்திரேலியாவின் டீ ட்ரீ எண்ணெய். 1990-ல் 124 பேரிடம் முகப்பருவுக்கு 5 சதவீத டீ ட்ரீயையும் 5 சதவீத பென்சாயில் பெராக்சைடையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டுமே பருவைக் குறைத்தன. எண்ணெய் மெதுவாக வேலை செய்தது, எரிச்சல் குறைவு. இது டீ ட்ரீக்கு. அதன் சத்து டெர்பினென்-4-ஆல், உங்கள் சிட்ரால் இல்லை. அதன் ரிசல்ட்டை உங்கள் புட்டியில் ஒட்ட முடியாது.

ஆன்டிபயாட்டிக்கோடு சேர்த்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்றும் லேபில் நிறையப் பார்க்கிறார்கள். எண்ணெய் சவ்வை இளக்கிவிட்டால் மருந்து குறைந்த அளவில் உள்ளே போகிறது என்பது சில கிருமிகளில் தெளிவாகத் தெரிகிறது. எனக்கு ஆசை இருப்பது அந்தப் பக்கம்தான். மாத்திரைக்குப் பதிலாக எண்ணெய் என்று பேசுபவர்களைவிட, மாத்திரைக்குக் கைகொடுக்க எண்ணெய் என்று பேசுபவர்களிடம் சரக்கு இருக்கிறது.

கோர்ட் ரோடு | வியாழன், இரவு 10.30

லேபிள் கேள்விக்கு மட்டும் நான். நோயைத் தடுக்கும், குணமாக்கும் என்று எழுதிவிட்டால் அது மருந்து. 1940-ம் வருஷத்து மருந்துகள் மற்றும் அழகுப்பொருள்கள் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும், சித்த மருந்து என்றாலும் வேண்டும். சர்க்கரை, புற்று என்று எழுதினால் 1954-ம் வருஷத்து மாயமருந்து விளம்பரச் சட்டம் தனியாகப் பிடிக்கும். ‘ஆன்டிபயாட்டிக்கை மிஞ்சும்’ என்பதை வியாபாரி சொல்லலாம். கேஸ் வந்தால் புட்டியில் இருப்பது உங்கள் பெயர். வாசனை எண்ணெய் என்று மட்டும் விற்றால் உங்களுக்கு நிம்மதி.

வேப்பமரத்தடி | வெள்ளி, காலை 7.15

சரி, நாலு சொட்டுத் தேனை விட்டுவிட்டேன். ஆனால் ஒன்று. ஒரே செடி, ஒரே சாமி மலை, ஒருவர் எண்ணெய் வேலை செய்கிறது, இன்னொருவர் எண்ணெய் செய்யவில்லை. இது ஏன் என்று யாரும் சொல்லவில்லையே?

பாளை சித்தா | வெள்ளி, காலை 8.00

நல்ல கேள்வி அண்ணே. ஒரே செடி என்பதே சந்தேகம். துளசியிலேயே ஒரு வகையில் யூஜினால் மிகுதி, இன்னொரு வகையில் மெத்தில் யூஜினால் மிகுதி. இலையைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதே வகையிலும் பூ விடும் நேரத்தில் அறுத்தால் ஒரு அளவு, இளசாக அறுத்தால் இன்னொரு அளவு. வெயிலில் காயப்போட்டால் போகிறதெல்லாம் எண்ணெய்தான். வடித்த பிறகும் பிளாஸ்டிக் புட்டியில் வெளிச்சத்தில் வைத்தால் காற்றோடு சேர்ந்து கெடும். கெட்ட எண்ணெய் வீரியம் குறைவதோடு நிற்காது, தோலில் தடிப்பையும் கொண்டுவரும். அலுமினியக் குப்பி அல்லது கருஞ்சிவப்புக் கண்ணாடிப் புட்டி, வாய்வரை நிரப்பி, குளிர்ச்சியான இடத்தில்.

மலையில் போய்ப் பறித்தால் வீரியம் கூடும் என்று மட்டும் யாரும் கிளம்ப வேண்டாம். களக்காடு முண்டந்துறை 1988-ல் இருந்து புலிகள் காப்பகம். அங்கே செடியில் கை வைக்க நமக்கு உரிமை கிடையாது. தம்பி மாதிரி வயலில் போட்டால் என்ன வகை, எப்போது அறுத்தது என்று கணக்காவது இருக்கும்.

கடையத்துக்காரன் | வெள்ளி, இரவு 8.20

சென்னைக்காரரிடம் பேசிவிட்டேன். கோபம்தான், வாங்குவதைப் பாதியாகக் குறைத்துவிட்டார். பரவாயில்லை. இப்போது லேபிளில் போட நினைத்திருப்பது இது:

எலுமிச்சைப்புல் எண்ணெய். நீராவியில் வடித்தது. வேறு எதுவும் சேர்க்கவில்லை. அறுத்த மாதம், வடித்த தேதி. சிட்ரால் அளவு (ஜி.சி.எம்.எஸ். ரிப்போர்ட் வந்ததும்). அப்படியே தோலில் தடவக் கூடாது. குடிக்கக் கூடாது. குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும்.

தோலுக்கு எவ்வளவு கலக்கச் சொல்லலாம் டாக்டரம்மா?

பாளை சித்தா | வெள்ளி, இரவு 8.45

சிட்ரால் பலருக்கு அரிப்பைக் கொடுக்கும். 100 மில்லி தேங்காயெண்ணெய்க்கு அரை மில்லி போதும். முதலில் முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பார்க்கச் சொல்லுங்கள். கண், உதடு பக்கம் வேண்டாம்.

டவுண் கடை | வெள்ளி, இரவு 9.30

தம்பி, அந்த லேபிளோடு ஒரு லிட்டர் என் கடைக்கு அனுப்புங்கள். தரை துடைக்கிற தண்ணீரில் விடக் கேட்டு ஆட்கள் வருகிறார்கள், ரிப்போர்ட்டைக் கண்ணாடியில் ஒட்டி வைத்து விற்கிறேன். துளசியும் வேண்டும். ஆனால் புல் ஏற்றிய டிரம்மில் அப்படியே துளசியை ஏற்றிவிடாதீர்கள், எண்ணெயில் புல் வாசம் வரும். நடுவில் ஒரு தடவை வெறும் நீராவி விட்டு, சுருள் குழாயையும் சேர்த்துக் கழுவிவிட்டு ஏற்றுங்கள்.